வயிற்று அறுவைக்குப் பிறகு வலி: மரப்பு மருந்து எதுவரை கைகொடுக்கும்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொன்னால் இதுதான். அறுபதைத் தாண்டிய அப்பாவுக்குப் பெருங்குடலில் கட்டி. வயிற்றை நடுவில் திறந்து அறுவை செய்யப் போகிறார்கள். வலிக்கு முதுகில் எபிடூரல் ட்யூப் வைக்கலாம், அல்லது வயிற்றுச் சுவரில் இரண்டு பக்கமும் மரத்துப்போகும் ஊசி போடலாம் என்று மயக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். இரண்டில் எது நல்லது? முதுகில் ஊசி போட்டால் பிற்காலத்தில் முதுகுவலி வருமா? வலியே தெரியாமல் போனால், உள்ளே ஏதாவது கோளாறு நடந்தாலும் தெரியாமல் போய்விடாதா?

மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். நான் மயக்கவியல் துறையில் இருப்பவன், அறுவைக்குப் பிந்தைய வலியைப் பார்ப்பது என் அன்றாட வேலை. ஆனால் உங்கள் அப்பாவைப் பார்க்காமல், அவருடைய ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்காமல் இறுதி முடிவு சொல்ல முடியாது. அதை அங்கே இருக்கும் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் தெளிவாகப் பேசுவதற்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதை இங்கே எழுதுகிறேன்.

முதலில், எந்த அளவுக்கு வலி குறைந்தால் போதும் என்பதில் ஒரு தெளிவு வேண்டும். அசையாமல் படுத்திருக்கும்போது வலி இல்லை என்பது பெரிய விஷயமே இல்லை. வயிறு திறந்து மூடிய ஒருவர் இருமும்போது, மூச்சை இழுத்து விடும்போது, கட்டிலை விட்டு இறங்கும்போது எவ்வளவு வலிக்கிறது என்பதுதான் கணக்கு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விடுகிறவருக்கு நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிக்கொள்ளும், சளி தேங்கும், நிமோனியா வரும். நடக்காமல் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறையும். ஆகவே வார்டில் நர்ஸ் வந்து வலி எவ்வளவு என்று கேட்டால், ஒருமுறை இருமிப் பார்த்துவிட்டுப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.

இப்போது வலி எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். இது புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வயிற்று அறுவைக்குப் பிறகு வருவது ஒரே வலி இல்லை, இரண்டு வலிகள். ஒன்று வயிற்றுச் சுவரின் வலி: தோல், அதற்கடியில் தசை, தசைக்குள்ளே வயிற்றறையை ஒட்டியிருக்கும் மெல்லிய சவ்வு. இவற்றை அறுத்துத் தைத்ததால் வருவது. கூர்மையாக இருக்கும், "இங்கேதான்" என்று விரல் வைத்துக் காட்ட முடியும், அசைந்தால் சுள்ளென்று இழுக்கும். இந்த வலியைச் சுமந்து போவது முதுகுத்தண்டிலிருந்து கிளம்பி விலா எலும்புகளுக்கு அடியில் வளைந்து வயிற்றின் முன்பக்கம் வரும் நரம்புகள். நெஞ்செலும்பின் நுனியிலிருந்து தொடை இடுக்கு வரை, பட்டை பட்டையாக ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு பகுதி. தொப்புள் இருக்கும் மட்டம் பத்தாவது மார்பு நரம்புக்கு உரியது. இந்த நரம்புகள் பக்கவாட்டில் வரும்போது வயிற்றின் மூன்றடுக்குத் தசைகளில் உள்ளே இருக்கும் இரண்டுக்கும் நடுவே ஓடுகின்றன. அந்த இடைவெளியில் மருந்தைச் செலுத்தினால் அந்தப் பக்கத்துச் சுவர் மரத்துப்போகும்.

இரண்டாவது, உள்ளுறுப்புகளின் வலி. குடலை இழுத்ததால், வெட்டி இணைத்ததால், வீக்கத்தால் வருவது. மந்தமாக, பிசைவதுபோல, எந்த இடம் என்று சொல்ல முடியாமல் இருக்கும், கூடவே குமட்டலும் வரும். இது வேறு பாதையில் போகிறது. தானியங்கி நரம்புகள் வழியாகவும் வேகஸ் நரம்பு வழியாகவும் மூளைக்குச் செல்கிறது. வயிற்றுச் சுவரில் எவ்வளவு நன்றாக ஊசி போட்டாலும் இந்தப் பாதையைத் தொட முடியாது. "ஊசி போட்டும் உள்ளே வலிக்கிறதே, ஊசி பலிக்கவில்லையா?" என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஊசி பலித்திருக்கும், மிச்சம் இருப்பது உள்ளுறுப்பு வலி. அதற்கு வேறு மருந்து வேண்டும்.

வயிற்றைத் திறக்காமல் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பி அறுவை செய்தவர்களுக்கு மூன்றாவதாக ஒன்றும் உண்டு. தோள்பட்டை வலி. வயிற்றை உப்ப வைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துகிறது. அதன் நரம்பு கழுத்திலிருந்து வருவதால் மூளை அந்த வலியைத் தோளில் வைத்து உணர்கிறது. இரண்டு மூன்று நாளில் போய்விடும். அறுவை முடிவில் வாயுவை நன்றாக வெளியேற்றுவதும், குறைந்த அழுத்தத்தில் செய்வதும்தான் இதற்கு வழி. வயிற்றுச் சுவரில் போடும் ஊசி இதற்கும் உதவாது.

மரப்பு மருந்துகள் வேலை செய்யும் விதம் எளிமையானது. நரம்பில் வலிச்செய்தி ஒரு மின் அலையாக ஓடுகிறது. சோடியம் அயனிகள் நரம்பிழைக்குள் பாய்வதால்தான் அந்த அலை உண்டாகிறது. மருந்து இழைக்குள் ஊடுருவி, சோடியம் நுழையும் வாசலை உட்பக்கத்திலிருந்து அடைத்துவிடும். மருந்து ரத்தத்தில் கலந்து விலகியதும் வாசல் திறந்துவிடும், நரம்பு பழையபடி ஆகிவிடும். வலியையும் குளிர்ச்சியையும் கொண்டுபோகும் மெல்லிய இழைகள் சீக்கிரம் அடங்கும். தொடுவுணர்வு, தசை இயக்கம் இவற்றுக்கான தடித்த இழைகளுக்குக் கூடுதல் மருந்து தேவை. அதனால் அளவைக் குறைத்துக் கொடுத்தால் வலி மட்டும் போய், கை வைத்தால் தெரியும், காலும் அசையும். மருந்து எதுவரை பிடித்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் பனிக்கட்டியை வயிற்றில் வைத்துக் கேட்பது இதனால்தான். சில்லென்று தெரியவில்லை என்றால் அங்கே வலியும் அடங்கியிருக்கும்.

சீழ் பிடித்த இடத்தில் இந்த மருந்து சரியாக வேலை செய்யாது. அங்கே அமிலத்தன்மை அதிகம், மருந்தின் பெரும்பகுதி நரம்புச் சவ்வைத் தாண்ட முடியாத வடிவத்துக்கு மாறிவிடும். குடல்வால் வெடித்துச் சீழ் கட்டியவர்களுக்குத் தையல் ஓரத்தில் போட்ட ஊசி பலன் தராமல் போவதற்கு இது ஒரு காரணம்.

1884-ல் வியன்னாவில் கார்ல் கோலர் கண்ணில் கொகெய்ன் விட்டு மரக்கச் செய்ததிலிருந்து இந்த வரலாறு தொடங்குகிறது. இன்று நாம் பயன்படுத்துவது 1943-ல் ஸ்வீடனில் உருவான லிடோகெய்ன், அதன் பிறகு வந்த பியூபிவகெய்ன், ரோபிவகெய்ன். லிடோகெய்ன் சட்டென்று பிடிக்கும், ஓரிரு மணி நேரத்தில் விட்டுவிடும். மற்ற இரண்டும் மெதுவாகப் பிடித்து நீண்ட நேரம் நிற்கும். அறுவைக்குப் பிந்தைய வலிக்கு அவைதான் முக்கியம்.

சரி, இதை எங்கெல்லாம் செலுத்தலாம்? மிக எளியது அறுவை மருத்துவரே காயத்தின் ஓரங்களில் ஊசி போடுவது. இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, ஆனால் பித்தப்பை லேப்ராஸ்கோப்பி, குடலிறக்கம் போன்ற சிறு அறுவைகளுக்கு இதுவே அடிப்படை. மலிவு, ஆபத்து மிகக் குறைவு, தனியாக ஆளோ கருவியோ வேண்டாம். ஒழுங்காகப் போட வேண்டும், அவ்வளவுதான். தோலுக்கடியில் மட்டும் போட்டுவிட்டு தசையுறையையும் உட்சவ்வையும் விட்டுவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது. பலன் சில மணி நேரத்துக்குத்தான் நிற்கும். அதை நீட்டிக்க, உட்சவ்வுக்குச் சற்று முன்னால் பல துளைகள் உள்ள மெல்லிய ட்யூப் ஒன்றைக் காயத்துக்குள் வைத்துத் தைத்து, இரண்டு மூன்று நாள் மருந்தைச் சொட்டு சொட்டாக விடும் முறையும் உண்டு.

அடுத்தது, உங்கள் மருத்துவர் சொன்ன வயிற்றுச் சுவர் ஊசி. டேப் பிளாக் என்பார்கள். 2001-ல் ஏ. என். ரஃபி இதை விவரித்து எழுதினார். 2007-ல் அயர்லாந்தில் ஜான் மெக்டோனல் குழுவினர் பெருங்குடல் அறுவை செய்துகொண்டவர்களிடம் பரிசோதித்து, மார்ஃபின் தேவை வெகுவாகக் குறைவதைக் காட்டினார்கள். ஆரம்பத்தில் இடுப்புக்கு மேலே ஒரு முக்கோணத்தைக் கையால் தடவிக் கண்டுபிடித்து, ஊசி தசையுறையைத் துளைக்கும்போது வரும் 'டக்' உணர்வை நம்பித்தான் போட்டார்கள். இப்போது அல்ட்ராசவுண்ட் திரையில் மூன்று தசைகளும் அடுக்கடுக்காகத் தெரியும். ஊசி நுனி எங்கே இருக்கிறது, மருந்து இரண்டு தசைகளைப் பிரித்துக்கொண்டு பரவுகிறதா என்று பார்த்துக்கொண்டே போடலாம். நோயாளி பெரும்பாலும் முழு மயக்கத்தில் இருக்கும்போதே முடிந்துவிடும்.

ஆனால் வழக்கமான டேப் பிளாக் தொப்புளிலிருந்து கீழேதான் நன்றாகப் பிடிக்கும். கீறல் தொப்புளுக்கு மேலே போகிறது என்றால் விலா எலும்பின் ஓரமாக இன்னொரு ஊசி வேண்டும். உங்கள் அப்பாவுக்குப்போல நடுவில் நெடுக்காக வரும் கீறல் என்றால், வயிற்றின் நடுவில் இருபுறமும் ஓடும் நேர்த்தசையின் உறைக்குள், தசைக்குப் பின்னால் மருந்து வைக்கும் ரெக்டஸ் ஷீத் பிளாக் இன்னும் பொருத்தமானது. இரண்டு பக்கமும் ட்யூப் வைத்துவிட்டால் இரண்டு மூன்று நாளைக்குத் தொடர்ந்து மருந்து கொடுக்கலாம். ஒரே ஊசியோடு நிறுத்தினால் ஆறிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் பலன் இருக்கும், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. முதுகுப் பக்கமாகச் சென்று போடும் வேறு சில பிளாக்குகளும் இருக்கின்றன. உள்ளுறுப்பு வலியையும் அவை ஓரளவு அடக்கும் என்ற எதிர்பார்ப்பு உண்டு, ஆனால் ஆளுக்கு ஆள் பலன் மாறுகிறது. அதைப் பழகிய கைகள் செய்வதானால் நல்லது. பெயர் புதிது என்பதற்காக அதைத் தேடிப் போக வேண்டாம்.

இனி எபிடூரல். முதுகெலும்பின் கால்வாயில் தண்டுவட உறைக்கு வெளியே ஒரு குறுகிய இடைவெளி இருக்கிறது. அங்கே மெல்லிய ட்யூப் வைத்து, நீர்த்த பியூபிவகெய்ன் அல்லது ரோபிவகெய்னோடு மார்ஃபின் வகையைச் சேர்ந்த ஃபென்டனில் துளியளவு சேர்த்துப் பம்பு மூலம் தொடர்ந்து செலுத்துவார்கள். ஸ்பெயின் நாட்டு ராணுவ மருத்துவர் ஃபிடெல் பாஹெஸ் 1921-ல் இதை வெளியிட்டார். வயிற்று அறுவைக்கு ட்யூப் இடுப்பில் வைக்கப்படுவதில்லை, இரு தோள்பட்டை எலும்புகளுக்குக் கீழே, முதுகின் நடுப்பகுதியில் வைக்க வேண்டும். இந்த இடம் மிக முக்கியம். சரியான மட்டத்தில் வைத்தால் வயிறு மட்டும் மரக்கும், கால் பலமாக இருக்கும், நடக்கலாம். கீழே வைத்துவிட்டால் வயிறு வலிக்கும், கால் தள்ளாடும்.

எபிடூரலின் பலம், சுவரின் வலியோடு உள்ளுறுப்பு வலியின் ஒரு பகுதியையும் அடக்குவது. பெரிய கீறலோடு திறந்து செய்யும் அறுவையில், இருமும்போது வலிக்காமல் இருக்க இதற்கு ஈடானது இன்னும் வரவில்லை என்பது என் கருத்து. குடலை உறங்கவைக்கும் நரம்புத் தூண்டல்களையும் இது தடுப்பதால் வாயு பிரிவது சற்று முன்னதாக நடக்கும். ஆனால் ஒரு காலத்தில் சொல்லப்பட்டதுபோல இது உயிர் காக்கும் அதிசயம் இல்லை. 2002-ல் வெளிவந்த ஆஸ்திரேலியா தலைமையிலான பெரிய ஆய்வு, ஆபத்து அதிகமுள்ள சுமார் 900 பேரை இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்தது. எபிடூரல் வைத்தவர்களுக்கு வலி குறைவு, சுவாசச் செயலிழப்பும் குறைவு: மற்ற குழுவில் 30 சதவீதம், இவர்களில் 23 சதவீதம். இறப்பு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. ஆக, நுரையீரல் பலவீனமானவர்கள், நெடுநாள் புகைபிடித்தவர்கள் திறந்த அறுவைக்குப் போகும்போது எபிடூரலுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன். லேப்ராஸ்கோப்பி என்றால் வழக்கமாக எபிடூரல் தேவையில்லை, அதன் தொல்லைகள் பலனைவிட அதிகம்.

தொல்லைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ரத்த அழுத்தம் இறங்கும். வலி நரம்போடு ரத்தக்குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் நரம்புகளும் அடங்குவதால் இது நடக்கிறது. அளவான நீரும், அழுத்தத்தை ஏற்றும் மருந்தும் கொடுத்துச் சமாளிக்கலாம். அழுத்தத்தை நிமிர்த்துவதற்காக லிட்டர் லிட்டராகக் குளுக்கோஸோ சலைனோ ஏற்றுவது தவறு, குடல் வீங்கும். சிறுநீர் கழிக்கச் சிரமம் வரலாம். ஃபென்டனில், மார்ஃபின் சேர்ந்திருந்தால் அரிப்பு வரும். ஊசி தவறித் தண்டுவட உறையைத் துளைத்துவிட்டால், எழுந்து உட்கார்ந்தால் மண்டையைப் பிளக்கும் தலைவலி சில நாள் இருக்கும். இதைவிட அடிக்கடி நடப்பது, எபிடூரல் சரியாகப் பிடிக்காமல் போவதுதான். ஒரு பக்கம் மட்டும் மரப்பது, ட்யூப் நகர்ந்துவிடுவது, பம்பு நிற்பது எல்லாவற்றையும் சேர்த்தால் மூன்றில் ஒருவர்வரை திருப்தியான பலன் கிடைக்காமல் போகலாம். பலிக்காத எபிடூரலை "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று இழுத்துக்கொண்டே போவதைவிடச் சீக்கிரம் மாற்றிவிடுவது நல்லது. அந்த நேரம் முழுக்க நோயாளி வலியில் இருக்கிறார் என்பதை மறக்கக் கூடாது.

நிரந்தரப் பாதிப்பு பற்றிய பயம் எல்லோருக்கும் உண்டு. 2009-ல் பிரிட்டனில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட முதுகு ஊசிகளைக் கணக்கெடுத்து ஒரு தேசியத் தணிக்கை வந்தது. ஸ்பைனல் (தண்டுவட உறைக்குள்ளேயே போடும் ஊசி), எபிடூரல் எல்லாம் சேர்த்து நிரந்தரப் பாதிப்பு லட்சத்துக்கு 2 முதல் 4 பேருக்கு என்றது. அறுவைக்காக வைக்கும் எபிடூரலில் மட்டும் பார்த்தால் இது அதிகம், லட்சத்துக்கு ஏறக்குறைய 8 முதல் 17. முக்கியமான காரணங்கள் ரத்தக்கட்டும் சீழ்க்கட்டியும். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கட்டு ஆபத்து கூடுகிறது. அப்பா குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார் என்றால் ஐந்திலிருந்து ஏழு நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அதையும் இதய மருத்துவரைக் கேட்டுத்தான். இனாக்ஸபரின் ஊசி தடுப்பு அளவில் போடுகிறார்கள் என்றால் கடைசி ஊசிக்கும் எபிடூரலுக்கும் நடுவே 12 மணி நேரம், முழுச் சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். ட்யூபை எடுக்கும்போதும் இதே கணக்குதான், எடுக்கும் நேரத்திலும் ரத்தம் கசியலாம். சாதாரண ஆஸ்பிரின் மட்டும் என்றால் பொதுவாகத் தடையில்லை. மாத்திரைச் சீட்டு முழுவதையும் மருத்துவரிடம் காட்டுங்கள், எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம்.

முதுகுவலிக் கேள்விக்கு: ஊசி போட்ட இடத்தில் சில நாள் நோவு இருக்கும். ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் முதுகுவலியை எபிடூரல் உண்டாக்குவதில்லை. பிரசவத்தில் எபிடூரல் போட்டவர்களையும் போடாதவர்களையும் நீண்ட காலம் கண்காணித்துப் பார்த்ததில் வித்தியாசம் தெரியவில்லை. முதுகுவலி பலருக்கும் வரும் ஒன்று, ஊசி போட்டவருக்கு வந்தால் பழி ஊசிமேல் விழுகிறது.

எபிடூரலுக்கும் சுவர் ஊசிக்கும் நடுவே இன்னொரு வழியும் உண்டு. மயக்கம் கொடுப்பதற்கு முன் கீழ்முதுகில் ஒரே ஒரு ஸ்பைனல் ஊசியில் சிறிதளவு மார்ஃபின் செலுத்துவது. ட்யூப் இல்லை, பம்பு இல்லை, ஏறக்குறைய ஒரு நாள் வலி அடங்கியிருக்கும். சிசேரியனில் இது வழக்கமாகவே செய்யப்படுகிறது. அங்கே மார்ஃபின் போட்ட பிறகு டேப் பிளாக்கும் சேர்த்தால் கூடுதல் பலன் அதிகம் இல்லை. மார்ஃபின் கொடுக்க முடியாதபோதுதான் சிசேரியனில் டேப் பிளாக் உண்மையாகக் கைகொடுக்கிறது. அரிப்பும் குமட்டலும் வரலாம். மூச்சு மந்தமாகிறதா என்று ஒரு நாள் கண்காணிக்க வேண்டும்.

லிடோகெய்னை ரத்தக்குழாயில் சொட்டு மருந்தாகவே ஏற்றும் முறை பற்றியும் உங்களிடம் யாராவது சொல்லலாம். ஒருகாலத்தில் இதில் பெரிய நம்பிக்கை இருந்தது, குடல் சீக்கிரம் இயங்கும் என்றார்கள். பின்னால் வந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை. பெருங்குடல் லேப்ராஸ்கோப்பி செய்த 590 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த ஆய்வு, குடல் இயக்கம் திரும்புவதில் எந்த முன்னேற்றமும் இல்லை என்று 2024 இறுதியில் சொன்னது. வேறு வழியே இல்லாத நோயாளிக்கு, இதயத்துடிப்பைத் திரையில் கண்காணிக்கும் இடத்தில் தரலாம். சுவர் ஊசி போட்டவருக்கு அதே நேரத்தில் இதையும் சேர்த்து ஏற்றுவது ஆபத்து. அதேபோல, கொழுப்புக் குமிழிகளுக்குள் பியூபிவகெய்னை அடைத்து மூன்று நாள் நிற்கும் என்று விற்கப்படும் மருந்தும் உண்டு. விலை பல மடங்கு. 2021-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, சாதாரண பியூபிவகெய்னைவிட நோயாளி உணரக்கூடிய அளவுக்கு மேலான பலன் தெரியவில்லை. அதற்குச் செலவழிக்கும் பணத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம்.

ஆபத்து என்று வரும்போது மருந்தின் மொத்த அளவுதான் முதலில் பார்க்க வேண்டியது. எங்கே செலுத்தினாலும் மருந்து கடைசியில் ரத்தத்தில்தான் கலக்கிறது. அளவு மீறினால், அல்லது ஊசி தவறி ரத்தக்குழாய்க்குள் போனால், உதட்டைச் சுற்றி மரப்பு, வாயில் உலோகச் சுவை, காதில் ரீங்காரம், தலைசுற்றல், கண் மங்கல் என்று தொடங்கி வலிப்பு வரைக்கும், இதயத்துடிப்பு தடுமாறி நிற்பது வரைக்கும் போகலாம். பியூபிவகெய்ன் இதயத்தைப் பிடித்துக்கொண்டால் எளிதில் விடாது. உடல் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராம் என்பது பாதுகாப்பான எல்லையாக வைத்துக்கொள்ளப்படுகிறது. ரோபிவகெய்னுக்கு 3, லிடோகெய்னுக்கு 4.5, அட்ரினலின் கலந்தால் 7.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 60 கிலோ எடையுள்ளவருக்கு பியூபிவகெய்ன் 120 மில்லிகிராம்வரை. 0.25 சதவீத மருந்தில் ஒரு மில்லிக்கு 2.5 மில்லிகிராம் இருக்கிறது. டேப் பிளாக்குக்குப் பக்கத்துக்கு 20 மில்லி வீதம் 40 மில்லி போட்டால் 100 மில்லிகிராம் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு அறுவை மருத்துவர் காயத்தில் இன்னொரு 20 மில்லி போட்டால் 150. எல்லை தாண்டிவிட்டது. இருவரும் தனித்தனியாகச் சரியாகத்தான் செய்தார்கள், பேசிக்கொள்ளவில்லை. இதனால்தான் எங்கள் அறுவை அரங்கில் யார் எவ்வளவு போட்டார்கள் என்பதைப் பலகையில் எழுதிக் கூட்ட வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருக்கிறேன். வயதானவர்கள், கல்லீரல் பழுதானவர்கள், கைக்குழந்தைகள் இவர்களுக்கு எல்லை இன்னும் கீழே.

இதற்கு மாற்று மருந்தும் உண்டு. சத்துக்காக ரத்தக்குழாயில் ஏற்றும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு, இந்த நஞ்சேற்றத்திலிருந்து இதயத்தை மீட்கிறது என்பதை அமெரிக்காவின் கை வைன்பெர்க் 1998-ல் எலிகளிடம் காட்டினார். 2006-ல் முதன்முறையாக மனிதர் ஒருவரை இது மீட்ட செய்தி வெளிவந்தது. கிலோவுக்கு 1.5 மில்லி உடனே, அதன்பின் தொடர் சொட்டு. பிளாக் போடும் எந்த இடத்திலும் இந்தக் குழம்பு கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். "இங்கே வைத்திருக்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்பதில் தவறே இல்லை.

ஒவ்வாமை பற்றியும் ஒரு வரி. பல் ஊசி போட்டபோது நெஞ்சு படபடத்தது, மயங்கி விழுந்தேன் என்பதை மருந்து ஒவ்வாமை என்று பலர் எழுதிவைத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அது பயத்தால் வந்த மயக்கம், அல்லது கலந்திருந்த அட்ரினலினின் வேலை. இந்த வகை மருந்துகளுக்கு உண்மையான ஒவ்வாமை மிக மிக அரிது. இருந்தாலும் நடந்ததை அப்படியே சொல்லுங்கள்.

இனி, என்னை அதிகம் கவலைப்படுத்தும் விஷயம்: மருந்து விட்டுப்போகும் நேரம். பகலில் அறுவை முடிந்து, ஒரு பிளாக் போட்டு, அப்பா மாலை முழுக்க சிரித்துப் பேசிக்கொண்டிருப்பார். வலி இல்லையே என்று மாத்திரையைத் தள்ளிவைப்பார். நள்ளிரவு தாண்டி மருந்து விடும்போது வலி முழுசாக ஒரே நேரத்தில் வந்து விழும். அந்த நேரத்தில் பாரசிட்டமால் கொடுத்தாலும் அது வேலை செய்ய அரை மணிக்கு மேல் ஆகும். எனவே வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், முதல் நாளிலிருந்தே பாரசிட்டமாலை மணி பார்த்துக் கொடுக்க வேண்டும். நல்ல எடையுள்ள பெரியவருக்கு ஆறு மணிக்கு ஒருமுறை 1 கிராம், ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. 50 கிலோவுக்குக் குறைவு, கல்லீரல் கோளாறு என்றால் அளவு குறையும். சிறுநீரகமும் வயிற்றுப்புண்ணும் பிரச்சினை இல்லை என்றால் இப்யூபுரோஃபன் வகை மருந்து ஒன்றும் சேர்ப்பார்கள். குடலை வெட்டி இணைத்தவர்களுக்கு இந்த வகையைத் தவிர்க்கும் அறுவை மருத்துவர்கள் உண்டு, இணைப்பு கசியுமோ என்ற கவலை. அது அவருடைய முடிவு.

மார்ஃபின் வகைகளைப் பகை என்று நினைக்க வேண்டாம். உள்ளுறுப்பு வலிக்கும், எதிர்பாராமல் எகிறும் வலிக்கும் அவை தேவை. ஆனால் அவற்றை மட்டும் நம்பினால் குடல் இன்னும் மந்தமாகும், குமட்டும், தூக்கம் கண்ணைச் சொருகும், மூச்சு குறையும். 1990-களில் டென்மார்க்கின் ஹென்ரிக் கெலெட் வலியுறுத்தியது இதைத்தான்: ஒரே மருந்தை அதிகமாகக் கொடுக்காமல், வேறு வேறு இடத்தில் வேலை செய்யும் பலவற்றைக் குறைந்த அளவில் சேருங்கள், நோயாளியைச் சீக்கிரம் சாப்பிடவும் நடக்கவும் விடுங்கள். மரப்பு மருந்து அந்தத் திட்டத்தின் அடித்தளம், மற்றவை அதன்மேல் நிற்கின்றன.

உங்களால் செய்ய முடிந்ததும் உண்டு. அப்பா இருமும்போது ஒரு தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள், தையல் இழுபடுவது குறையும். எழும்போது நேராக நிமிராமல், ஒருக்களித்துப் படுத்து, காலைக் கீழே விட்டு, கையால் ஊன்றி எழ வேண்டும். இதை அறுவைக்கு முந்தைய நாளே பழகிவிடுவது நல்லது.

வலி மறைந்தால் ஆபத்தும் மறையுமா என்ற கேள்விக்கு வருகிறேன். குடல் இணைப்பு கசிந்தால் அது வலியாக மட்டும் தெரிவதில்லை. காய்ச்சல், நிதானமாக இருந்த நாடி வேகமெடுப்பது, மூச்சு வாங்குவது, வயிறு உப்புவது, காரணமில்லாத குழப்பம் என்று பல வாசல்களில் வரும். இவற்றை மரப்பு மருந்து மறைக்காது. மேலும் சுவர் ஊசி உள்ளுறுப்பு வலியைத் தொடுவதே இல்லை. நேற்றுவரை அடங்கியிருந்த வலி, எபிடூரல் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இன்று கூடுகிறது என்றால், மருந்தின் வேகத்தைக் கூட்டுவதற்கு முன்னால் அறுவை மருத்துவர் வந்து வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இதை வார்டில் நீங்கள் உறுதியாகக் கேளுங்கள்.

கடைசியாக உங்கள் அப்பா. இதய வால்வு சுருக்கம், ரத்தம் உறைவதில் கோளாறு, முதுகில் தொற்று இவை எதுவும் இல்லை, இரவிலும் எபிடூரலைக் கவனிக்கத் தெரிந்த நர்ஸ்களும் அழைத்தால் வரும் மயக்க மருத்துவரும் இருக்கிறார்கள் என்றால், நீண்ட நடுக்கீறலுக்கு நான் எபிடூரலைத் தேர்ந்தெடுப்பேன். அப்படிக் கண்காணிக்க ஆள் இல்லாத இடம் என்றால், அல்லது ரத்த மெலிப்பு மருந்தை நிறுத்த முடியாது என்றால், ரெக்டஸ் ஷீத் ட்யூபுகளோடு மார்ஃபின் பம்பு வைப்பது பாதுகாப்பானது. லேப்ராஸ்கோப்பிக்கு மாற்றிவிட்டார்கள் என்றால் டேப் பிளாக் அல்லது காய ஓர ஊசியும், முடிந்தால் ஸ்பைனல் மார்ஃபினும் போதும். ஊசியைவிட அதற்குப் பின் வரும் மூன்று இரவுகளை யார் கவனிக்கிறார்கள் என்பதுதான் முடிவைத் தீர்மானிக்க வேண்டும், அதை மருத்துவரிடம் நேரடியாகவே கேளுங்கள்.

எபிடூரல் என்று முடிவானால் இதை மட்டும் மறந்துவிடாதீர்கள். ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் அப்பாவை இரண்டு காலையும் மடக்கி நீட்டச் சொல்லுங்கள். காலையில் தூக்க முடிந்த கால் மாலையில் முடியவில்லை, பம்பை நிறுத்திச் சில மணி நேரம் ஆகியும் பலம் திரும்பவில்லை, அல்லது புதிதாக முதுகில் கடும் வலி என்றால் உடனே மயக்க மருத்துவரை அழைக்க வேண்டும். எம்.ஆர்.ஐ. எடுத்து ரத்தக்கட்டு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். காரணம் அதுவாக இருந்தால், சில மணி நேரத்துக்குள் அகற்றினால்தான் கால் திரும்பக் கிடைக்கும். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ட்யூபை எடுத்த பிறகும் ஒரு நாள்வரை இப்படிக் காலைப் பார்த்துக்கொண்டிருங்கள்.